கடவுள் அருள் பெற்ற வாள் வீரன்!

மேஜையைச் சுற்றி 6 பேர் உட்கார்ந்து இருக்கிறார்கள்.

மேஜை மேல் காகிதம், பென்சில், விதவிதமான பகடைகள். வேறு ஒன்றும் இல்லை.

"கதவு உடைகிறது. உள்ளே ஓர் அரக்கன் நிற்கிறான். 9 அடி உயரம். கையில் மரத்தை வேரோடு பிடுங்கியது போல ஒரு தடி. என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று ஒருவர் கேட்கிறார்.

மற்ற 5 பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் பகடையைக் கையில் எடுக்கிறார்.

"நான் வாளை உருவுகிறேன்" என்கிறார்.

பகடை உருளுகிறது. எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள்.

இதுதான் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற அமெரிக்க விளையாட்டு. பாதாள அறைகளும், நெருப்பைக் கக்கும் நாகங்களும் நிறைந்த விளையாட்டு. எல்லாம் கற்பனைதான்!

ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துக் கொள்வார்கள். ஒருவர் மந்திரவாதி. ஒருவர் திருடன். ஒருவர் வில்லாளி. அடுத்து என்ன செய்வது என்பதை அவரவர் வாயால் சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா, இல்லையா என்பதைப் பகடை சொல்லும். கதை ஒரே நாளில் முடிவது இல்லை. வாரம் ஒரு நாள் கூடி, மாதக்கணக்கில் ஆடுகிறவர்கள் உண்டு. வருடக்கணக்கில் ஆடுகிறவர்களும் உண்டு.

நம் ஊர்த் தாயக்கட்டைக்கு 4 முகம். இந்த விளையாட்டின் முக்கியமான பகடைக்கு 20 முகம்!

இதில் வரும் வேஷங்களிலே பலருக்கும் ஆசை உள்ள வேஷம் ஒன்று உண்டு. உடம்பு முழுவதும் இரும்புக் கவசம். கையிலே வாள். வாளிலே கடவுள் அருள். எதிரியின் முகத்துக்கு நேரே நின்று சண்டை போடும் தெய்வ வீரன். அவனை எப்படி உருவாக்குவது? எவ்வளவு பலசாலியாக ஆக்கலாம்? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

செருப்பு ரிப்பேர் செய்தவர்

முதலில் கொஞ்சம் பழைய கதை.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்ற சிறிய ஊர் இருக்கிறது. அங்கே வசித்தவர் கேரி கைகாக்ஸ். இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். 1970-ம் ஆண்டு வேலை போயிற்று. வீட்டிலேயே பூட்சு, செருப்பு ரிப்பேர் செய்து பிழைத்தார். மீதி நேரம் எல்லாம் பொம்மைப் பட்டாளங்களை வைத்து யுத்த விளையாட்டு!

பக்கத்து மாநிலமான மின்னசோட்டாவில் டேவ் ஆர்னெசன் என்ற வாலிபர் இருந்தார். அவருக்கும் இதே பைத்தியம். இருவரும் சேர்ந்து உருவாக்கியதுதான் இந்த விளையாட்டு. 1974-ம் ஆண்டு வெளிவந்தது. 3 சிறு புத்தகங்கள் அடங்கிய ஒரு பெட்டி. விலை 10 டாலர். முதலில் அச்சிட்டது 1,000 பெட்டிதான்.

கைகாக்ஸ் 2008-ம் ஆண்டும், ஆர்னெசன் 2009-ம் ஆண்டும் இறந்து போனார்கள். விளையாட்டு சாகவில்லை.

ரத்தக் காட்டேரி

தெய்வ வீரன் இந்த விளையாட்டுக்குள் வந்த கதை வேடிக்கையானது.

ஆர்னெசன் தம் நண்பர்களுடன் ஆடிக்கொண்டிருந்தார். அவர்களில் ஒருவருடைய வேஷம் ரத்தம் குடிக்கும் காட்டேரி. பெயர் 'சர் பாங்'. 'பாங்' என்றால் கோரைப்பல். ஆட்டத்துக்கு ஆட்டம் காட்டேரியின் பலம் ஏறிக்கொண்டே போயிற்று. மற்றவர்கள் யாராலும் எதிர்த்து நிற்க முடியவில்லை. ஒருவரே எப்போதும் ஜெயித்தால் மற்றவர்களுக்கு என்ன ருசி இருக்கும்?

காட்டேரியை அடக்க ஒரு சாமியாரைக் கொண்டு வந்தார்கள். சிலுவையைத் தூக்கிப் பிடித்தால் பிணப் பேய்கள் நடுங்கி ஓடும். கவசமும் போட்டுக்கொள்வார். சண்டையும் போடுவார். அவருக்குக் 'கிளெரிக்' என்று பெயர். பூசாரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

அளவுக்கு மீறிப் போன ஒருவரை அடக்கப் பிறந்தவர்தான் இந்த வீரப் பூசாரி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அவருக்கு ஒரு கட்டுப்பாடும் விதித்தார்கள். வாள், ஈட்டி போன்ற கூர்மையான ஆயுதம் எதையும் தொடக் கூடாது. தடியும் கதையும்தான் உண்டு.

ஏன் தெரியுமா? பிரான்சு தேசத்தில் பாயே என்ற ஊரில் ஒரு பழைய துணி இருக்கிறது. நீளம் சுமார் 70 மீட்டர். 1066-ம் ஆண்டு இங்கிலாந்தை நார்மன்கள் பிடித்த கதையை அந்தத் துணியிலே ஊசி நூலால் படம் படமாகப் பின்னி இருக்கிறார்கள். அதில் ஓடோ என்ற பிஷப் குதிரை மேல் வருகிறார். கையில் வாள் இல்லை. ஒரு குண்டாந்தடி! குருமார்கள் ரத்தம் சிந்தக் கூடாது, ஆகவே தடி வைத்துக்கொண்டார் என்று ஒரு கதை பரவிவிட்டது. (குண்டாந்தடியால் மண்டையில் போட்டால் ரத்தம் வராதா, என்ன!) அந்தத் தடி வெறும் அதிகாரச் சின்னமாக இருக்கலாம் என்பது சரித்திர ஆசிரியர்கள் சொல்லும் விளக்கம்.

54 பேரில் ஒருவர்

அடுத்த ஆண்டே, 1975-ல், இன்னொரு தெய்வ வீரனும் வந்து சேர்ந்தான். அவன் பெயர் 'பாலடின்'.

அந்தப் பெயர் பழையது. பிரெஞ்சுக் கதைகளில் வரும் சார்லமேன் சக்கரவர்த்தியின் 12 மெய்க்காப்பு வீரர்களுக்கு அந்தப் பெயர் உண்டு. அவர்களில் தலைசிறந்தவன் ரோலண்ட். 778-ம் ஆண்டு ஸ்பெயினில் இருந்து படை திரும்பும்போது, மலைக் கணவாயில் பின்படையை எதிரிகள் மடக்கிக்கொண்டார்கள். ரோலண்டிடம் ஊதுகொம்பு இருந்தது. ஊதினால் சக்கரவர்த்தி ஓடி வருவார். "ஊது, ஊது" என்று நண்பன் ஆலிவர் மன்றாடினான். ரோலண்ட் மறுத்துவிட்டான். உதவி கேட்பது கேவலமாம்! கடைசியில் அவன் கொம்பை ஊதியபோது அநேகமாக எல்லோரும் செத்துக் கிடந்தார்கள். அவனும் செத்தான். பழைய பாட்டுக் கதை அப்படித்தான் சொல்கிறது.

மகா பலசாலி. கூட வந்தவர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

விளையாட்டில் பாலடின் ஆவது அப்போது லேசான காரியம் அல்ல. ஒருவனுடைய வசீகர சக்தியை 3 பகடைகளை உருட்டித் தீர்மானிப்பார்கள். கூட்டுத்தொகை 17 அல்லது 18 வந்தால்தான் பாலடின் ஆகலாம். 216 விதமாக விழக்கூடிய பகடையில் 4 விதம்தான் அப்படி அமையும். அதாவது 54 பேர் உருட்டினால் ஒருவருக்குக் கிடைக்கலாம்!

கிடைத்த பிறகும் சும்மா இருக்க முடியாது. சம்பாதித்த செல்வத்தில் தேவைக்கு மேற்பட்டதைத் தானம் செய்துவிட வேண்டும். தர்மம் தவறக் கூடாது. ஒரு முறை தவறினால் போயிற்று. வெறும் சிப்பாய்தான். இழந்த பதவி திரும்பவே திரும்பாது.

கேட்க நன்றாக இருக்கிறது. மேஜையில் நடந்தது வேறு. கூட வரும் திருடன் ஒரு பணப்பையை அடித்தால், பாலடின் சும்மா இருப்பானா? இருந்தால் அவன் பதவி போகும். தடுத்தால் நண்பர்களுக்குள் சண்டை. இப்படி முறைத்துக்கொண்டு எழுந்து போனவர்கள் எத்தனையோ பேர்.

இதற்கு நடுவே, 1980-களில், "இது பேய் விளையாட்டு, பிள்ளைகளைக் கெடுக்கிறது" என்று அமெரிக்காவில் ஒரே கூச்சல்! பேயை விரட்டும் பூசாரியும், பொய் பேசாத வீரனும் இதில்தான் இருக்கிறார்கள் என்று சொன்னால் யார் கேட்டார்கள்?

அடக்க வந்தவர் அடங்கவில்லை

வருடங்கள் போயின. ஒரு விசித்திரமான குறை தெரிய வந்தது. பூசாரி வேஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லை!

காரணம் சாதாரணம்தான். மற்றவர்கள் சண்டை போடுவார்கள். பூசாரி பின்னால் நின்று காயத்துக்கு மருந்து போட வேண்டும். கம்பவுண்டர் வேலை! வாரம் பூராவும் ஆபீசில் உழைத்துவிட்டு வருகிறவர் இதற்கா வருவார்?

2000-ம் ஆண்டு விதிகளைப் புதுப்பித்தபோது பூசாரிக்கு வாரி வழங்கினார்கள். ஒரு மந்திரம் சொன்னால் தேர்ந்த வாள் வீரனின் கைத்திறன் வந்துவிடும். இன்னொன்று சொன்னால் உருவம் இரண்டு மடங்கு வளரும். 2004-ல் வந்த ஒரு புத்தகம் இதற்கும் ஒரு படி மேலே போயிற்று. சில விநாடி நிற்கும் மந்திரத்தை 24 மணி நேரம் நிறுத்தி வைக்க வழி சொல்லிக் கொடுத்தது.

பிறகு கேட்க வேண்டுமா? காலையில் எழுந்ததும் பூசாரி மந்திரங்களைச் சொல்லி முடித்துவிடுவார். நாள் முழுவதும் அவரே பெரிய வாள் வீரர். அவரே வைத்தியர். அவரே மந்திரவாதி. உண்மையான வாள் வீரன் வேஷம் எடுத்தவர் எழுந்து போய்க் காப்பி போடலாம்! அவர் திரும்பி வருவதற்குள் சண்டை முடிந்துவிடும்.

ஜப்பான் சினிமாவில் 'காட்ஸில்லா' என்று ஒரு ராட்சதப் பிராணி வந்து ஊரையே மிதித்து நொறுக்கும். அந்தப் பெயரோடு சேர்த்து இந்தப் பூசாரிக்கு 'கோட்ஸில்லா' என்று ஆட்டக்காரர்கள் பட்டம் சூட்டினார்கள். காட்டேரியின் கொட்டத்தை அடக்கப் பிறந்தவருக்கு வந்த பெயர் இது!

நாமே ஒருவனைப் படைப்போம்

சரி, இப்போது காகிதத்தையும் பென்சிலையும் எடுங்கள். 2014-ம் ஆண்டு வந்த விதிகளின்படி ஒரு பாலடினை உருவாக்குவோம். பூசாரியாகவும் சண்டைக்காரரை உருவாக்கலாம். ஆனால் நேருக்கு நேர் வாள் சண்டை என்றால் என் ஓட்டு பாலடினுக்குத்தான்.

ஒவ்வொருவனுக்கும் 6 குணங்கள். பலம், லாவகம், உடல் உறுதி, புத்தி, விவேகம், வசீகரம். இவற்றுக்குப் பகிர்ந்து கொடுக்க 6 எண்கள் இருக்கின்றன. 15, 14, 13, 12, 10, 8.

பலத்துக்கு 15 கொடுங்கள். வசீகரத்துக்கு 14. உடல் உறுதிக்கு 13. விவேகத்துக்கு 12. லாவகத்துக்கு 10. மிஞ்சிய 8 புத்திக்கு. (கோபித்துக்கொள்ளாதீர்கள். எல்லாம் ஒருவனுக்கே கிடைக்குமா?) மனித ஜாதி என்றால் எல்லாவற்றிலும் ஒன்று கூடும். பலம் 16, வசீகரம் 15, உடல் உறுதி 14.

10-க்கு மேலே ஒவ்வொரு இரண்டு எண்ணுக்கும் பகடையில் ஒன்று கூட்டிக்கொள்ளலாம். ஆகவே 16 பலத்துக்கு 3 கிடைக்கும். 15 வசீகரத்துக்கு 2-தான்.

அடுத்தது ஆயுதம். ஒரு கையில் வாள், மறு கையில் கேடயமா? அல்லது இரண்டு கையாலும் பிடிக்கும் பெரிய வாளா? கேடயம் இருந்தால் எதிரிக்கு 2 எண் அதிகம் தேவைப்படும். பெரிய வாள் என்றால் ஓர் அடிக்குச் சராசரி 7 புள்ளி சேதம். சின்ன வாளுக்கு நாலரைதான். முதல் தடவை ஆடுகிறவர்கள் பெரிய வாளைத்தான் எடுப்பார்கள். ஆசை யாரை விட்டது! நாமும் அதையே எடுப்போம்.

2-ம் நிலையில் 'தெய்வ அடி' கிடைக்கிறது. வாள் எதிரி மேல் பட்ட பிறகு, "இதில் கடவுள் சக்தியைச் சேர்க்கிறேன்" என்று சொல்லலாம். பட்ட பிறகு சொன்னால் போதும் என்பதுதான் இதன் அழகு. வீணாகாது. பிணப் பேய்களுக்கும் நரகத்துப் பூதங்களுக்கும் இன்னும் அதிகமாக வலிக்கும்.

3-ம் நிலையில் சபதம் எடுக்க வேண்டும். சத்தியம் தவறாத சபதம் உண்டு. பழி வாங்கும் சபதம் உண்டு. ஒளியையும் ஆனந்தத்தையும் காக்கும் சபதமும் உண்டு. பழைய விதிபோல ஒரு தவறுக்கு ஆயுள் தண்டனை இல்லை. பிராயச்சித்தம் செய்துகொள்ளலாம்.

(சில சாமர்த்தியசாலிகள் 2-ம் நிலையோடு நழுவி மந்திரவாதத்துக்குப் போய்விடுவார்கள். சபதமே எடுக்காமல் தெய்வ அடி! சட்டப்படி அது சரிதான்.)

5-ம் நிலையில் ஒரே முறையில் இரண்டு தடவை வெட்டலாம். இப்போது அந்த 9 அடி அரக்கனிடம் வாருங்கள். அவனுக்கு உயிர்ப் புள்ளி 59. இரண்டு வெட்டும் பட்டு, இரண்டிலும் பெரிய தெய்வ அடி சேர்ந்தால், சராசரிச் சேதம் 47. ஒரே மூச்சில்!

கூட இருப்பவர்கள் கை தட்டுவார்கள். ஆனால் அந்தப் பெரிய அடிகள் நாளைக்கு இரண்டுதான். இனி மிச்சம் இருப்பது 4 சிறிய அடிகள். அவையும் தீர்ந்தால், நன்றாகத் தூங்கி எழுந்த பிறகுதான் சக்தி திரும்பும். அடுத்த அறையில் இன்னொரு அரக்கன் காத்திருந்தால்? கதை சொல்லுகிறவருக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்!

அந்த 2 புள்ளி

4-ம் நிலையைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். காரணம் இருக்கிறது.

4-ம் நிலையில் 2 புள்ளி இனாமாகக் கிடைக்கும். இஷ்டப்பட்ட குணத்தில் சேர்க்கலாம். எதில் சேர்ப்பது? பலத்திலா, வசீகரத்திலா? இந்த வீரனின் தலையெழுத்தே இதில்தான் இருக்கிறது.

பலத்தில் போட்டால் 16 என்பது 18 ஆகும். அடி கொஞ்சம் அதிகமாகப் படும். அரக்கன் மேல் விழும் 47 என்பது 49 ஆகும். இரண்டு புள்ளி லாபம்.

வசீகரத்தில் போட்டால் 15 என்பது 17 ஆகும். பார்த்தால் பிரயோஜனம் இல்லாதது போலத் தோன்றும். 6-ம் நிலை வரும் வரை பொறுங்கள்.

6-ம் நிலையில் பாலடினைச் சுற்றி 10 அடி தூரத்துக்கு ஒரு காப்பு வட்டம் உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாது. அதற்குள் நிற்கும் நண்பர்கள் எல்லோருக்கும், ஆபத்தில் இருந்து தப்பப் பகடை உருட்டும்போது, அவனுடைய வசீகர எண் கூடும்.

ஓர் உதாரணம். ஒரு சூனியக்காரி உங்கள் வில்லாளியை மரம்போல் அசையாமல் நிற்க வைக்கப் பார்க்கிறாள். தப்ப வேண்டுமானால் 15 விழ வேண்டும். வில்லாளிக்கு மனோபலம் பூஜ்யம் என்று வையுங்கள். 20-ல் 6 தடவைதான் தப்புவான். பாலடின் பக்கத்தில் நின்றால் 3 கூடும். 12 விழுந்தாலே போதும். 20-ல் 9 தடவை தப்புவான். நெருப்பு, விஷம், பயம், மயக்கம், எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வட்டத்துக்குள் இருக்கும் அத்தனை பேருக்கும், அவனுக்கும் சேர்த்து!

ஆனால் பாலடின் மயங்கி விழுந்தால் வட்டம் அணைந்துவிடும். அவன் ஆவேசப்பட்டுத் தனியே முன்னால் ஓடினால், வட்டமும் அவனோடு ஓடிவிடும். பின்னால் நிற்கிறவர்கள் அனாதைகள். ரோலண்ட் மாதிரி நினைப்பு உள்ளவனுக்கு இது ஒத்து வராது.

பலத்தில்தான் போட வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. "சூனியக்காரியையே முதலில் வெட்டிப் போட்டால் வட்டம் எதற்கு?" என்பார்கள். கேள்வி நியாயமானதுதான். இருந்தாலும் ஓர் எதிரியை வெட்டுவதற்குள் இன்னொருவன் மந்திரம் போட்டுவிடுகிறானே! நான் வசீகரத்தில்தான் போடுவேன். 49-க்குப் பதில் 47 அடித்தாலும் அரக்கனுக்கு வலிக்கத்தான் செய்யும்.

இன்னொரு வசதியும் இவனுக்கு உண்டு. கை வைத்துக் குணமாக்குவது. 6-ம் நிலையில் நாள் ஒன்றுக்கு 30 புள்ளி. புதிதாக ஆடுகிறவர்கள் முதலில் காயம்பட்ட ஆளிடமே முப்பதையும் கொட்டிவிடுவார்கள். அது தப்பு. நினைவு இழந்து விழுந்தவனை எழுப்ப 1 புள்ளி போதும். எழுந்தால் அவனும் சண்டை போடுவான். 5 புள்ளி கொடுத்தால் விஷத்தையோ நோயையோ முறிக்கலாம். இந்தச் சில்லறையைச் செலவு செய்வதில்தான் கெட்டிக்காரத்தனம் தெரியும்.

2024-ல் வந்த மாற்றம்

2024-ம் ஆண்டு விதிகளை மறுபடியும் திருத்தினார்கள். தெய்வ அடி ஒரு முறைக்கு ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. நம் வீரனின் 47, சராசரி 33 அல்லது 34 என்று இறங்கியது. பழைய பாலடின் பிரியர்களுக்கு ஏகப்பட்ட வருத்தம்!

காப்பு வட்டத்தை யாரும் குறைக்கவில்லை. கை வைத்துக் குணமாக்குவதை முன்னைவிட வேகமாக்கினார்கள். முன்பெல்லாம் அதைச் செய்தால் அந்த முறை வெட்ட முடியாது. இப்போது குணமாக்கிவிட்டு வெட்டவும் செய்யலாம். ஆனால் அதே முறையில் தெய்வ அடியைச் சேர்க்க முடியாது. அடியா, மருந்தா? ஏதாவது ஒன்று.

முன்னால் அரக்கன். உயிர்ப் புள்ளி கொஞ்சம்தான் மிச்சம். இன்னொரு தெய்வ அடி விழுந்தால் ஒழிந்தான். காலடியில் மந்திரவாதி நினைவு இழந்து கிடக்கிறார். அந்த வேஷம் போட்டவர் மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து உங்களையே பார்த்துக்கொண்டு இருக்கிறார்!

ஆசை வந்தவர்களுக்கு ஒரு தகவல். பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஆரம்ப விதிகளை வெளியீட்டாளர்களே இலவசமாகக் கொடுக்கிறார்கள். பகடை ஒரு ஜோடனை, நாலு நண்பர்கள், கதை சொல்ல ஒரு ஆள். பேனா வேண்டாம். பென்சில்தான் வேண்டும். உயிர்ப் புள்ளி எழுதும் இடத்தில் மட்டும் அழுத்தாமல் எழுதுங்கள். ஒரே ராத்திரியில் அந்த இடத்தைப் பத்துத் தடவை ரப்பரால் அழிக்க வேண்டி வரும்.